பழைய பூச்சை நீக்கிய கைத்துப்பாக்கியில் வெளிப்படும் குறைகள்: எது ஆபத்து, எது வெறும் தடம்?

அமெரிக்காவில் வசிக்கும் ஒருவர் கேட்டிருக்கும் கேள்விக்கு இது விடை. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் செய்யப்பட்ட .45 காலிபர் எம்1911ஏ1 கைத்துப்பாக்கி ஒன்று மாமனார் வழியாக அவரிடம் வந்திருக்கிறது. போருக்குப் பிறகு யாரோ அதற்கு நிக்கல் முலாம் பூசியிருக்கிறார்கள். அது செதில் செதிலாக உரிந்துவிட்டதால், அமிலக் கரைசலில் நீக்கிவிட்டு, புதிதாகப் ப்ளூயிங் (கொதிக்கும் உப்புக் கரைசலில் எஃகின் மேற்பரப்பைக் கருநீலமாக்கும் வேலை) செய்வதற்காக எமரித் தாளால் தேய்க்கத் தொடங்கியிருக்கிறார். அப்போது நான்கு விஷயங்கள் கண்ணில் பட்டிருக்கின்றன: ஸ்லைடின் (சுடும்போது முன்னும் பின்னும் ஓடும் மேல்பாகத்தின்) உட்புறத்திலும் பக்கவாட்டிலும் இணையாக ஓடும் மெல்லிய கோடுகள், ஸ்லைடின் முன்முனை மட்டும் வேறு நிறத்தில் கருத்திருப்பது, இடது பக்கத்தில் தேய்க்கத் தேய்க்க மறையாமல் நீளும் ஊசிமுனை அளவுப் புள்ளி ஒன்று, தோட்டாவின் உறை வெளியேறும் சாளரத்தின் பின்மூலையில் மயிரிழை போல ஒரு கோடு. இவையெல்லாம் தொழிற்சாலையிலேயே நேர்ந்த குறைகளா, தேய்த்தால் போய்விடுமா, பூச்சு முடிந்தபின் சுடலாமா என்பது அவருடைய கேள்வி.

முதல் இரண்டும் குறைகளே அல்ல. மூன்றாவது உற்பத்திக் குறைதான். ஆனால் அது இருக்கும் இடத்தில் தோற்றத்தைத் தவிர வேறெதையும் கெடுக்காது. நான்காவது என்னவென்று உறுதியாகத் தெரியும்வரை அந்த ஸ்லைடின் மேல் எமரித் தாள் மறுபடி படக்கூடாது. துப்பாக்கியைச் சுடவும் கூடாது. ஏன் இந்த வரிசை என்பதை அவருக்கே விளக்கமாகச் சொல்கிறேன்.

பழைய பூச்சு குறைகளை மறைத்து வைத்திருந்தது என்று பலரும் நினைக்கிறார்கள். அது பாதிதான் உண்மை. ப்ளூயிங் என்பது இரும்பின் மேற்பரப்பே கறுப்பு ஆக்ஸைடாக மாறிய மிக மெல்லிய படலம். நகக்கண்ணில் தட்டுப்படும் ஒரு கீறலைக் கூட அதனால் மூட முடியாது. மறைப்பது அதற்கு முன் நடக்கும் வேலை. பஃபிங் சக்கரத்தின், அதாவது மெருகேற்றும் சக்கரத்தின், அழுத்தத்திலும் சூட்டிலும் மேற்பரப்பு உலோகம் இழுபட்டு, திறந்திருக்கும் நுண்துளையின் வாயிலும் விரிசலின் வாயிலும் படிந்து அடைத்துவிடுகிறது. மணல் வீச்சு, அதாவது சாண்ட் பிளாஸ்டிங், இதையே சுத்தியலடி போல ஆயிரக்கணக்கான சிறு அடிகளால் செய்கிறது. நிக்கல் முலாம் இவற்றின் மேல் தனியொரு உலோகத் தோலையே போர்த்துகிறது; ஓதம் ஏறிய சுவருக்கு வெள்ளையடிப்பதைப் போன்ற வேலை அது. ஆகவே உங்கள் துப்பாக்கியின் உண்மையான மேற்பரப்பு பல ஆண்டுகளுக்குப் பிறகு முதன்முறையாகத் தெரிவது நிக்கல் நீங்கிய பின்பும் மெருகு தொடங்குவதற்கு முன்பும் உள்ள இந்தக் குறுகிய இடைவெளியில்தான். பரிசோதனைகள் அனைத்தையும் இப்போதே முடித்துக்கொள்ள வேண்டும். கண்ணாடி போல மெருகேற்றிய பின் பூதக்கண்ணாடியால் பார்ப்பதில் பெரிய பயனில்லை.

இணைக் கோடுகளுக்கு வருவோம். அவை எஃகைச் சீவி வடிவமைக்கும் மில்லிங் கட்டர் விட்டுச் சென்ற தடங்கள். போர்க் காலத்தில் இந்தத் துப்பாக்கியைக் கோல்ட் நிறுவனம் மட்டும் செய்யவில்லை. நம் ஊர்களில் தையல் மெஷினால் பெயர்பெற்ற சிங்கர் நிறுவனம் 1941-இல் 500 துப்பாக்கிகள் செய்தது. தட்டச்சுப் பொறிக்குப் பெயர்போன ரெமிங்டன் ராண்ட் 8 லட்சத்துக்கும் மேல் செய்தது. ரயில்வே சிக்னல் கருவிகள் செய்துவந்த யூனியன் ஸ்விட்ச் அண்ட் சிக்னல் சுமார் 55 ஆயிரம் செய்தது. பொருத்தமான அளவும் பாகங்கள் ஒன்றுக்கொன்று மாறிப் பொருந்தும் தன்மையும்தான் ராணுவம் கேட்டவை. பார்வைக்கு வழவழப்பாக இருக்க வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை. மணல் வீச்சுக்கு உட்படுத்திப் பாஸ்பேட் கரைசலில் கொதிக்கவைக்கும் பார்க்கரைசிங் என்ற சாம்பல் நிறப் பூச்சு, அந்தத் தடங்களைக் கண்ணுக்கு மென்மையாக்கிவிடும். எண்ணெயையும் நன்றாகப் பிடித்து வைத்துக்கொள்ளும். ஜெர்மன் பி.38 துப்பாக்கிகளில், ஸ்பிரீவெர்க் தொழிற்சாலையில் போரின் இறுதிக் கட்டத்தில் வந்தவற்றை எடுத்துப் பார்த்தால், கட்டர் சென்ற பாதையை விரலால் தடவியே உணரலாம். அவை உடைந்து விழவில்லை.

இந்தக் கோடுகளை முழுக்கத் தேய்த்து அழிக்க நினைப்பதுதான் பெரும்பாலான பழைய 1911-களின் சாபம். கோடு போவதற்குள் எழுத்துப் பொறிப்புகள் மழுங்கும், தட்டையான பக்கம் வளையும், கூர்விளிம்புகள் உருண்டுபோகும். உட்புறத்திலும் ஸ்லைடு ஓடும் தண்டவாளங்களிலும் உள்ள தடங்களைத் தொடவே வேண்டாம். ஒரே ஒரு விதிவிலக்கு உண்டு. கட்டர் தடம், ஒரு கூர்மையான உள்மூலையின் குறுக்கே, அதாவது சுடும்போது இழுவிசை குவியும் இடத்தில் ஆழமாக ஓடியிருந்தால், அங்கிருந்து விரிசல் முளைக்கும் வாய்ப்பு அதிகம். உங்கள் நான்காவது கோடு அப்படிப்பட்ட மூலையில் இருப்பதால்தான் அதைப்பற்றி நீளமாகப் பேச வேண்டியிருக்கிறது.

முன்முனையின் நிறமாற்றம் ஒரு நல்ல அறிகுறி. அந்தக் காலத்து ஸ்லைடுகளை முழுவதுமாகக் கடினமாக்காமல், அடிபடும் இடங்களை மட்டும் சூடேற்றித் தோய்த்துக் கடினமாக்கினார்கள். அப்படித் துவைச்சல் கொடுத்த இடத்தின் உள்ளமைப்பு மற்ற இடங்களிலிருந்து வேறுபட்டிருக்கும். அதனால் அமிலம் பட்டதும் அது வேறு நிறமாகக் கருக்கும். ப்ளூயிங் தொட்டியிலிருந்து எடுக்கும்போதும் ஒரு சாயல் மாறித் தெரியும். அதைச் சமப்படுத்த முயன்று, அந்த முனையை டார்ச் சுடரில் காட்டியவர்கள் இருக்கிறார்கள். தொழிற்சாலை கொடுத்த கடினத்தை ஒரு நிமிடத்தில் அழிக்கும் வழி அது. ப்ளூயிங் உப்புத் தொட்டி ஏறத்தாழ 135 முதல் 150 டிகிரி செல்சியஸில்தான் கொதிக்கும். அந்தச் சூடு எஃகின் பதத்தை மாற்றாது. தீச்சுடர் அப்படியல்ல.

நிறத்தைப் பற்றிப் பேசும்போது இன்னொன்றையும் சொல்ல வேண்டும். சில துப்பாக்கிகளின் பிரேம், அதாவது கைப்பிடியோடு கூடிய உடற்பாகம், ப்ளூயிங்குக்குப் பின் நாவற்பழ நிறத்துக்குப் போகும். ரூகர் நிறுவனத்தின் பழைய ரிவால்வர்களில் இது பிரசித்தம். மெழுகு மாதிரியைக் கொண்டு துல்லியமாக வார்க்கப்படும் அந்த எஃகில் சிலிக்கான் சற்று அதிகம். அது ஆக்ஸைடின் சாயலை மாற்றுகிறது. வலிமைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. சேகரிப்பாளர்கள் சிலர் அந்த நிறத்துக்கென்றே கூடுதல் விலை கொடுக்கிறார்கள். கைத்துப்பாக்கி அல்லவென்றாலும் 1964-க்குப் பிந்திய வின்செஸ்டர் மாடல் 94-ஐ இங்கே குறிப்பிடலாம். அதன் ரிசீவருக்கு (இயங்கு பாகங்களைத் தாங்கும் உடலுக்கு)ப் பயன்படுத்திய உலோகம் சாதாரணப் ப்ளூயிங்கை ஏற்காததால், பலவற்றில் மேலே இரும்பு முலாம் பூசி, அந்த முலாமைத்தான் நீலமாக்கினார்கள். விவரம் தெரியாமல் அதைத் தேய்த்து மறுபடி பூச முற்பட்டவர்களுக்குத் திட்டுத் திட்டாக வெளிறிய ரிசீவர்தான் மிஞ்சியது.

ஆனால் நிறம் சீராக இருப்பதால் உலோகம் நன்றாக இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. அமெரிக்க ராணுவத்தின் ஸ்பிரிங்ஃபீல்ட் 1903 ரைபிள்கள் இதற்குச் சான்று. ஃபோர்ஜிங் (எஃகைக் காய்ச்சி அடித்து உருவாக்கும் வேலை) உலையில் எஃகின் சூட்டைத் தொழிலாளர்கள் கண்ணால் நிறம் பார்த்தே கணித்தார்கள். வெயில் பளிச்சென்று அடிக்கும் நாளில் அதே சூடு மங்கலாகத் தெரியும் என்பதால் எஃகை அளவுக்கு மீறிக் காய்ச்சினார்கள். எரிந்த எஃகு உடையும் தன்மை பெற்றது. 1917-இல் சில ரிசீவர்கள் வெடித்த பிறகே காரணம் தேடப்பட்டது. 1918-இல் வெப்பமானியும் இரட்டை வெப்பப் பதப்படுத்தலும் வந்தன. ஸ்பிரிங்ஃபீல்டில் செய்தவற்றில் 8 லட்சத்துக்குக் குறைந்த வரிசை எண் கொண்டவற்றைச் சுடவேண்டாம் என்று இன்றும் எச்சரிக்கிறார்கள். அந்த ரிசீவர்களின் மேற்பரப்பில் குறை எதுவும் தெரியாது. எவ்வளவு தேய்த்தாலும் தெரியாது. மேற்பரப்புச் சோதனை எதைக் காட்டாது என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன்.

மூன்றாவதாக, நீளும் புள்ளி. துருக்குழியையும் உலோகத்துக்குள் பிறந்த குறையையும் பிரித்தறிய ஒரு நம்பகமான வழி, தேய்க்கும்போது அது எப்படி மாறுகிறது என்று கவனிப்பது. துருக்குழி மேலிருந்து கீழே அரிக்கப்பட்டது. ஆகவே தேய்க்கத் தேய்க்க அதன் வாய் சுருங்கி, கடைசியில் ஒரு கறுப்புப் புள்ளியாகி மறையும். வார்ப்பில் சிக்கிய காற்றுக்குமிழ், ஃபவுண்டரிகளில் புளோஹோல் என்று சொல்வது, இதற்கு நேர்மாறாக நடக்கும்: முதலில் ஊசிமுனையாகத் தெரிந்து, குமிழின் நடுப்பகுதியை எட்டும்வரை அகன்றுகொண்டே போகும். ஓரங்கள் வட்டமாகவும் உட்சுவர் வழவழப்பாகவும் இருக்கும். உங்களுடையது அகலவில்லை, நீள்கிறது. அதுவும் ஸ்லைடின் நீளவாக்கிலேயே நீள்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். அது கசடுச் சரடு. எஃகு உருகியிருந்தபோது சிக்கிய கசடோ சல்ஃபைடு துணுக்கோ, கட்டியைக் கம்பியாக உருட்டும்போது எஃகோடு சேர்ந்து இழுபட்டு நூல் போலாகிவிடும். அது உருட்டிய திசையிலேயே கிடப்பதால், அத்திசையில் செயல்படும் விசையை அதிகம் பாதிப்பதில்லை. குறுக்கே கிடந்திருந்தால்தான் கவலைப்பட வேண்டும். தட்டையான பக்கச் சுவரில் சில மில்லிமீட்டர் நீளத்தில் உள்ள கசடுச் சரடு, எண்பது ஆண்டுகளாக அங்கேயே இருந்திருக்கிறது. அதைத் துரத்திக்கொண்டு தேய்த்தால் முடிவே இருக்காது: ஒரு சரடு முடியும் இடத்தில் அடுத்தது தொடங்கும், பக்கச் சுவர் மெலியும்.

மலிவு விலைத் துப்பாக்கிகளில் இந்தச் சிக்கல் வேறு உருவம் எடுக்கிறது. துத்தநாகக் கலவையை அச்சில் அழுத்தி வார்த்த பிரேம்களில், அச்சைத் தொட்ட மேல்தோல் மட்டுமே அடர்த்தியாக இருக்கும். அடியில் ஸ்பாஞ்சு போல நுண்துளைகள். மெருகேற்றுபவர் அந்தத் தோலைக் கடந்தால் மேற்பரப்பு முழுவதும் அம்மைத் தழும்பாகிவிடும். அதன்மேல் முலாம் பூசினால் துளைகளில் தங்கிய கரைசல் பின்னர் கொப்பளமாக எழும்பும். அத்தகைய துப்பாக்கிகளைப் பழைய பூச்சோடு அப்படியே விட்டுவிடுவதே நல்லது என்பது என் கருத்து. இன்னொரு காரணமும் உண்டு: ப்ளூயிங் தொட்டியில் உள்ள காஸ்டிக் சோடா, துத்தநாகத்தையும் அலுமினியத்தையும் கரைத்துவிடும். அலுமினிய பிரேம் கொண்ட துப்பாக்கியை அது எஃகு என்று நினைத்துத் தொட்டியில் இறக்கினால், நுரைத்துப் பொங்கி, கண்ணெதிரே காணாமல் போகும். இறக்குவதற்கு முன் ஒவ்வொரு பாகத்தின் மேலும் காந்தத்தை ஒட்டிப் பார்க்கும் பழக்கம் அதனால்தான்.

இனி அந்த மயிரிழைக் கோடு. அது கீறலாக இருக்கலாம், ஃபோர்ஜிங் மடிப்பாக இருக்கலாம், விரிசலாக இருக்கலாம். கீறலுக்கு அடிப்பகுதி தெரியும். சாய்வான வெளிச்சத்தில் சுற்றிப் பார்த்தால் ஒரு கோணத்தில் அடிப்பகுதி மின்னும். மடிப்பு என்பது சூடான எஃகு அச்சுக்குள் அடிபடும்போது தன்மேலேயே மடங்கி, ஒட்டாமல் நின்றுவிட்ட இடம். அது பெரும்பாலும் வளைந்து, மேற்பரப்பில் சாய்வாக நுழையும், உள்ளே கறுத்த செதில் இருக்கும். களைப்பு விரிசல், அதாவது ஆயிரக்கணக்கான முறை சுட்டதால் மெல்ல வளர்ந்த விரிசல், மூலையிலிருந்து தொடங்கி, இழுவிசைக்குக் குறுக்காக, லேசாக நெளிந்து போகும். நீங்கள் அனுப்பிய படத்தில் உள்ளது மூலையைத் தொட்டுக்கொண்டு தொடங்குகிறது. அந்த ஒன்றே என்னைச் சந்தேகப்பட வைக்கிறது.

வீட்டிலேயே செய்யக்கூடிய முதல் சோதனை எளிது. ஸ்லைடை மெல்லிய எண்ணெயில் ஓர் இரவு ஊறவிட்டு, பின்பு ஆல்கஹால் தோய்த்த துணியால் எண்ணெய்ப் பசையே இல்லாதபடி துடையுங்கள். சாக்பீஸ் பொடியை ஆல்கஹாலில் குழைத்து அந்த மூலையில் மெல்லியதாகத் தடவிக் காயவிடுங்கள். ஸ்லைடைக் கை பொறுக்கும் சூட்டுக்கு லேசாகச் சூடாக்குங்கள். விரிசல் இருந்தால் உள்ளே நின்ற எண்ணெய் வெள்ளைப் பொடியில் மெல்லிய ஈரக் கோடாக ஊறி வரும். வெறும் கீறலாக இருந்தால் எதுவும் வராது. ரயில்வே பணிமனைகளில் அச்சுகளையும் பெரிய இரும்புப் பாகங்களையும் இப்படித்தான் சோதித்தார்கள். இன்றைய டை பெனட்ரன்ட் சோதனை இதன் திருத்தமான வடிவம்: சிவப்புச் சாயத்தைத் தெளித்துப் பத்து முதல் இருபது நிமிடம் ஊறவிட்டு, மேற்பரப்பைத் துடைத்து, வெள்ளை டெவலப்பரைத் தெளித்தால் விரிசல் சிவப்புக் கோடாக எழும். ஒரு நிபந்தனை உண்டு. எமரி பட்ட இடம் என்பதால் விரிசலின் வாய் உலோகத்தால் இழுத்து மூடப்பட்டிருக்கலாம். லேசாக அமிலத்தால் அரித்து அந்த வாயைத் திறந்த பிறகே சோதனையின் முடிவை நம்ப வேண்டும். இல்லையென்றால் விரிசல் இருந்தும் இல்லையென்றே காட்டும்.

எஃகுக்கு இதைவிட உறுதியானது காந்தத் துகள் சோதனை. பாகத்தைக் காந்தமாக்கி நுண்ணிய இரும்புத் துகளைத் தூவினால், விரிசல் உள்ள இடத்தில் காந்தப்புலம் வெளியே கசிந்து துகளைக் கோடாக இழுத்து நிறுத்தும். இந்த முறை பிறந்ததே மேற்பரப்பு வேலையில்தான் என்பது எனக்குப் பிடித்த செய்தி. 1920-களின் தொடக்கத்தில் வில்லியம் ஹோக் என்பவர், காந்தப் பிடிப்பானில் வைத்துச் சாணை பிடித்த கடின எஃகுத் துண்டுகளின்மேல், சாணைத்தூள் விரிசல்களின் வழியே வரிசையாகச் சேர்வதைக் கவனித்தார். மோட்டார் இன்ஜின்களைப் புதுப்பிக்கும் பட்டறைகள் பலவற்றில் இந்தக் கருவி இருக்கும். துப்பாக்கிப் பட்டறையைத் தேடி அலைய வேண்டியதில்லை, ஸ்லைடை மட்டும் எடுத்துச் சென்றால் போதும்.

விரிசல் என்று உறுதியானாலும், எங்கே என்பதே தீர்ப்பைச் சொல்லும். இதே 1911 குடும்பத்தில், 1987-இல் வந்த கோல்ட் டெல்டா எலீட் துப்பாக்கியின் பிரேமில், ஸ்லைடு ஸ்டாப்புக்கு (ஸ்லைடைப் பின்னிலையில் நிறுத்தும் நெம்புக்கு) மேலே உள்ள குறுகிய தண்டவாளப் பாலத்தில் விரிசல்கள் தோன்றின. அந்தப் பாலம் எந்தச் சுமையையும் தாங்கவில்லை என்பதால், கோல்ட் நிறுவனம் பிறகு செய்தவற்றில் அந்தத் துண்டையே வெட்டி எடுத்துவிட்டது. பிரேமில் அந்த இடத்தில் மயிரிழை தெரிந்திருந்தால் நானும் தொடர்ந்து சுடுங்கள் என்றே எழுதியிருப்பேன். சாளரத்தின் மூலை அப்படிப்பட்ட இடமல்ல. ஒவ்வொரு முறை சுடும்போதும் ஸ்லைடின் பின்பாதியையும் முன்பாதியையும் இணைத்து நிற்பது சாளரத்தைச் சுற்றியுள்ள மெல்லிய சுவர்தான். அது அறுந்தால் பின்பாதி சுடுபவரின் முகத்தை நோக்கி வரும்.

ஒரே ஒரு வலுவான தோட்டாவைத் தூரத்திலிருந்து கயிறு கட்டிச் சுட்டுப் பார்த்து, உடையவில்லையென்றால் சரி என்று எடுத்துக்கொள்ளலாமா என்று சிலர் கேட்பதுண்டு. ஐரோப்பியச் சோதனைச் சாலைகளில் கைத்துப்பாக்கிகளை அனுமதிக்கப்பட்ட அழுத்தத்தைவிட 30 சதவீதம் அதிகமான அழுத்தத்தில் சுட்டு முத்திரை குத்துகிறார்கள். அது புதிய துப்பாக்கியின் மொத்த வலிமையைச் சோதிக்கத்தான். வளர்ந்துகொண்டிருக்கும் விரிசலுக்கு அந்த ஒரு சூடு இன்னொரு தூண்டுதலாகவே அமையும். அன்று தாங்கியது அடுத்த வாரம் தாங்கும் என்பதற்கு அது சாட்சியாகாது.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லியாக வேண்டும். நிக்கலை அமிலத்தில் நீக்கியபோது சிறு பாகங்களும் அதில் கிடந்தனவா? அமிலத்தில் பிறக்கும் ஹைட்ரஜன் கடின எஃகுக்குள் நுழைந்து, அதை நொறுங்கும் தன்மையுடையதாக ஆக்கும். மென்மையான பிரேமுக்கு இது பெரிய பாதிப்பில்லை. ஸ்பிரிங், எக்ஸ்ட்ராக்டர் (காலி உறையை இழுக்கும் கொக்கி), ஃபயரிங் பின் (தோட்டாவை அடிக்கும் ஊசி) போன்றவை எந்த முன்னறிவிப்புமின்றி முறியும். தொழிற்சாலைகளில் அமிலத்திலிருந்து எடுத்த சில மணி நேரத்துக்குள் 190 டிகிரிக்குச் சற்று மேல் பல மணி நேரம் சூட்டில் வைத்து ஹைட்ரஜனை வெளியேற்றுவார்கள். உங்கள் விஷயத்தில் நாள்கள் கடந்துவிட்டன. அந்தப் பாகங்கள் விலை மலிவானவை. புதியவற்றை வாங்கிப் போடுங்கள். பிறகு அவற்றில் ஏதேனும் முறிந்தால் அதைப் போர்க் காலத் தொழிற்சாலையின் தலையில் கட்டுவது நியாயமாகாது.

சாளர மூலையில் விரிசல் உறுதியானால் அந்த ஸ்லைடு ஓய்வு பெற வேண்டியதுதான். வெல்டிங் செய்து மூடலாம் என்று யாராவது சொல்வார்கள். வெல்டிங் சூடு பக்கத்தில் உள்ள உலோகத்தின் பதத்தைக் கெடுத்து, விரிசலுக்கு இரண்டு மில்லிமீட்டர் தள்ளி அடுத்த விரிசலை விதைக்கும். அமெரிக்கச் சட்டப்படி வரிசை எண் கொண்ட பிரேம்தான் துப்பாக்கி. ஸ்லைடு வெறும் உதிரிப் பாகம் என்பதால் மாற்று ஸ்லைடு வாங்குவதில் சிக்கல் இல்லை. பழையதை எண்ணெய் தடவிப் பத்திரமாக வையுங்கள், அதன் பொறிப்புகளுக்கு மதிப்புண்டு. இந்தியாவில் இதைப் படிப்பவர்கள், 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின்படி துப்பாக்கியைத் தொழிலாகப் பழுதுபார்ப்பதற்கே தனி உரிமம் வேண்டும் என்பதை மனத்தில் கொண்டு, உரிமம் பெற்ற ஆயுத வியாபாரியிடம் கொடுப்பதே சரி.

விரிசல் இல்லை, வெறும் கீறல்தான் என்று சோதனை காட்டினால், மெருகை முடித்து ப்ளூயிங் செய்யலாம். ஆனால் செய்த கையோடு எண்ணெய் பூசிப் பெட்டியில் வைத்துவிடாதீர்கள். நன்றாகக் கொதிநீரில் அலசி, எண்ணெய் இல்லாமல் சில நாள்கள் உலர்ந்த இடத்தில் வைத்து, அந்த மூலையையும் கசடுச் சரடையும் அன்றாடம் பாருங்கள். தொட்டியின் உப்பு எந்த இடுக்கில் நுழைந்திருந்தாலும் அங்கே வெள்ளைப் பூஞ்சை போலப் பொடி பூத்து வெளியே வரும். கசடுச் சரட்டின் ஓரத்தில் சிறிது பூத்தால் மறுபடி கொதிநீரில் அலசி எண்ணெயிடுங்கள், போதும். மூலையில் கோடாகப் பூத்தால், முன்பு செய்த சோதனை எதைச் சொல்லியிருந்தாலும் அதை நம்பாமல், ஸ்லைடைக் காந்தத் துகள் சோதனைக்கு அனுப்புங்கள்.